காம்பன்சேட்டர் உள்ள 9 மி.மீ. துப்பாக்கியை வாங்குமுன்

வணக்கம். அமெரிக்காவில் யூ.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமைப்பு நடத்தும் துப்பாக்கிசுடும் போட்டிகளின் ‘கேரி ஆப்டிக்ஸ்’ (ஒளிக்குறி பொருத்திய கைத்துப்பாக்கிகளுக்கான) பிரிவுக்கும் வார இறுதிப் பயிற்சிக்கும் ஒரே 9 மி.மீ. கைத்துப்பாக்கி போதும் என்றும், சுடும்போது முனை எழும்புவதைக் குறைக்கும் காம்பன்சேட்டர் என்ற துணைக்கருவி குழல்முனையில் உள்ளதையே வாங்க எண்ணுவதாகவும் எழுதியுள்ளீர்கள். அந்தப் பிரிவில் காம்பன்சேட்டருக்கு அனுமதியில்லை. அதோடு சென்றால் இத்தகைய மாற்றங்களை அனுமதிக்கும் ‘ஓப்பன்’ பிரிவில்தான் சுட வேண்டும். அங்கே பலர் கூடுதல் வெடிமருந்திட்ட தோட்டாக்களால் 165 பவர் ஃபேக்டரைத் (குண்டின் எடையையும் வேகத்தையும் கொண்டு கணக்கிடும் வீரிய அளவு) தொட்டு, ‘மேஜர்’ என்ற உயர்நிலை மதிப்பெண் பெறுவார்கள். சாதாரணக் கடைத் தோட்டாவால் ‘மைனர்’ என்ற கீழ்நிலையில் சுடும் உங்களுக்கு, இலக்கின் நடுப்பகுதிக்கு வெளியேயுள்ள ‘சி’ பகுதியில் பட்டால் 4க்குப் பதில் 3 புள்ளிதான் கிடைக்கும்.

காம்பன்சேட்டர், குண்டைத் தொடர்ந்து வெளியேறும் வாயுவை மேல்நோக்கித் திருப்பி, முனை எழும்புவதை அடக்குகிறது. எனவே வீரியம் குறைந்த மலிவுத் தோட்டாவில் அதன் பயன் சொற்பமே. அத்துடன், திருகிப் பொருத்தும் வகையின் எடை குழலோடு சேர்ந்துகொள்வதால், ஸ்லைடு (சுட்டதும் பின்னே நகரும் மேற்பகுதி) முழுமையாகப் பின்செல்லாமல் வெற்றுக்கூடு சிக்கவும் கூடும். அவ்வாறு நேர்ந்தால் ஸ்லைடை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைச் சற்று மென்மையானதாக மாற்ற வேண்டும். 147 கிரெயினைவிட (கிரெயின் என்பது குண்டின் எடை அலகு) 115 அல்லது 124 கிரெயின் தோட்டாக்கள் பொதுவாக இதற்கு ஏற்றவை. ரெட் டாட்டின் (சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் கருவி) கண்ணாடியில் கரி படிவதும், உள்ளரங்கில் வெடிச்சத்தத்தாலும் வாயுவாலும் பக்கத்தில் நிற்பவர் முகஞ்சுளிப்பதும் தனி.

என் பரிந்துரை: ரெட் டாட் பொருத்த வசதியுள்ள, காம்பன்சேட்டர் இல்லாத முழு அளவுத் துப்பாக்கியை வாங்குங்கள். ஆசை விடவில்லையென்றால், பயிற்சிக்கு மட்டும் மரையிட்ட மாற்றுக் குழலையும் காம்பன்சேட்டரையும் பின்னர் வாங்கலாம்; குழலை மாற்றும் ஒவ்வொரு முறையும் குறியைச் சுட்டுச் சரிபாருங்கள்.