வீடும் அடையாள அட்டையும் இல்லாத பொடியனுக்குப் பாலியல் நோய்ச் சிகிச்சை கிடைக்குமா?

திருகோணமலை பஸ் நிலையத்தில் படுத்தெழும்பும் 19 வயதுப் பொடியனுக்குப் பிறப்புறுப்பில் வலியில்லாத புண், அடையாள அட்டையும் இல்லை, எங்கே கூட்டிப்போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாவட்டப் பொது வைத்தியசாலையின் பாலியல் நோய் கிளினிக்குக்குத்தான். அரச கிளினிக்கில் சோதனையும் மருந்தும் இலவசம், வேறு டொக்டரின் துண்டு தேவையில்லை. அட்டை இல்லையென்று தயங்கவேண்டாம். விபரம் வெளியே போகாது.

வலியில்லாத புண் என்றால் முதல் சந்தேகம் சிபிலிஸ் என்ற, பாலுறவால் தொற்றும் நோய். மருந்து போடாமலே புண் சில வாரத்தில் ஆறிவிடும், ஆனால் கிருமி உடம்புக்குள்ளேயே இருக்கும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பார்மசியில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு இருந்தால் நாள்தான் போகும். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் ஒருமுறை பென்சிலின் ஊசி போதும். குளிசையைப் பத்திரப்படுத்தப் பை கூட இல்லாதவனுக்கு அது பெரிய வசதி. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலே சொல்லட்டும்.

எச்.ஐ.வி. சோதனையும் அங்கேயே செய்யலாம். கடைசிப் பாலுறவு 72 மணித்தியாலத்துக்குள் என்றால் இன்றைக்கே போங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை அதற்குள் தொடங்கி 28 நாள் குடிக்கவேண்டும்.

சாப்பாட்டுக்காகவோ படுக்க இடத்துக்காகவோ யாரும் அவனைப் பயன்படுத்தினால் அதையும் டொக்டரிடம் சொல்லலாம், திட்டமாட்டார்கள் (திட்டினால் வேறொருவரைக் கேளுங்கள்). கூட இருப்பவர்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இருந்தால் சிறுவர் பாதுகாப்புத் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழையுங்கள். மறுபடி வரச்சொல்லும் திகதியை நீங்களே குறித்துவையுங்கள், அவனிடம் போன் இருக்காது.