முதல் ஐம்பது பக்கம் புரியாவிட்டால் பயப்படாதீர்கள், தம்பி

நீங்கள் கேட்டிருந்தது இது: "வெளிநாடு வந்து மூன்று மாதம் ஆகிறது அக்கா. வேலையிடத்தில் நான்கு பேர் சேர்ந்தால் யார் என்ன வாசிக்கிறார் என்பதுதான் பேச்சு. அதுவும் பாதிக்குமேல் அறிவியல் புனைகதை, ஃபேன்டஸி. எனக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. இப்போது எல்லாரும் எதை வாசிக்கிறார்கள், நான் எதில் தொடங்கட்டும்? அப்புறம் வீடு, வங்கிக் கணக்கு, குளிர் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்?"

வீடு, வங்கி, குளிர் மூன்றுக்கும் யோசனை சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள், கேட்காமலே சொல்வார்கள். நான் புத்தகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய என் மதிய இடைவேளைகள் அப்படியே ஞாபகம் வந்துவிட்டன.

முதலில் ஒன்று. வாசிக்காததை வாசித்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், பக்கத்து மேசைப் பெண் தடியான ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்'. 1965இல் வந்த நாவல், இன்றைக்கும் புதிதாக வந்ததுபோல் வாசிக்கிறார்கள். "இதை வாசித்திருக்கிறாயா?" என்று கேட்டாள். "ம், எப்போதோ" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பின்னால் இருக்கிற அகராதியைப் புரட்டிப் புரட்டி வாசித்தாயா, இல்லை புரிந்தவரை போதும் என்று போய்விட்டாயா?" என்றாள். நான் "எந்த அகராதி?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வேறு பேச்சுக்குப் போனாள். அதற்கப்புறம் ஐந்து மாதம் அங்கே யாரும் என்னிடம் புத்தகம் பற்றிப் பேசவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பேச ஆள் கிடைத்தது என்று நம்பி ஏமாந்த ஒருத்தியின் வருத்தம் அது. "இல்லை, என்ன கதை?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருப்பாள். தனக்குப் பிடித்த புத்தகத்தை இன்னும் வாசிக்காத ஒருவரைப் பார்த்தால் வாசகர்களுக்கு வருகிற சந்தோஷம் தனி. அதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, இப்போது எதை வாசிக்கிறார்கள்? உங்கள் காதில் விழுகிற பெயர்களில் பாதி, காதலும் டிராகனும் கலந்த 'ரொமான்டசி' வகையாக இருக்கும். ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' 2023இல் வந்ததிலிருந்து அந்த அலை ஓயவில்லை. எனக்கு அதில் ஈடுபாடு வரவில்லை, ஆனால் வாசிப்பவர்களைக் குறைத்துப் பேச மாட்டேன். பள்ளியோடு வாசிப்பை விட்டவர்கள் பலர் அதைப் பிடித்துத்தான் திரும்பி வந்திருக்கிறார்கள். ஆண்டி வியரின் 'புராஜெக்ட் ஹெயில் மேரி' (2021) கையில் இல்லாத அலுவலகமே இருக்காது. விருதுகளைத் தொடர்கிறவர்கள், இந்த வகை எழுத்துக்கென்றே கொடுக்கும் ஹ்யூகோ, நெபுலா விருதுப் பட்டியல்களை வைத்து வாசிப்பார்கள். 2025இல் நாவலுக்கான ஹ்யூகோ ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் 'தி டெயின்டட் கப்'புக்குப் போனது. ஃபேன்டஸி உலகத்தில் நடக்கும் துப்பறியும் கதை அது.

எதில் தொடங்குவது என்றால், மார்த்தா வெல்ஸின் 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்'. 2017இல் வந்த குறுநாவல், இரண்டு மாலையில் முடிந்துவிடும். மனிதர்களுக்குக் காவல் இருக்கும் ஒரு இயந்திரம், தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியைத் தானே செயலிழக்க வைத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் தொடர் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கும். நாலு பேர் நடுவில் கண்ணைப் பார்த்துப் பேசக் கூச்சப்படும். புது ஊரில் மூன்று மாதம் இருந்த உங்களுக்கு அதைப் பிடிக்காமல் போகாது.

இரண்டாவது எச்சரிக்கை, நெடுந்தொடர்கள். ஆர்வத்தில் யாராவது 'வீல் ஆஃப் டைம்' முதல் பாகத்தைக் கையில் திணிப்பார்கள். அது பதினான்கு பாகம். 1990இல் தொடங்கி 2013இல் முடிந்தது. எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007இல் இறந்துபோக, மீதியை பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தார். இன்னொரு கூட்டம் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவல் தொடரின் அடுத்த பாகத்துக்கு 2011இலிருந்து காத்திருக்கிறது. வந்த வருடத்தில் இந்த வலையில் விழாதீர்கள். நான் விழுந்தேன். ஐந்தாவது பாகத்தோடு மூச்சுமுட்டி விட்டேன், எட்டு மாதம் வேறு எதையும் தொடவில்லை. தனி நாவல்களாக வாசியுங்கள். சுசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' (2020) சின்னப் புத்தகம், தொடர்ச்சி கிடையாது. முடிவில்லாத மண்டபங்கள், கீழே கடல், நடுவில் தன் பெயரே மறந்துபோன ஒருவன். அதை முடித்த அன்று நான் விளக்கை அணைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வருடத்துக்கு நூறு புத்தகம் என்று இலக்கு வைத்துக்கொண்டு எண்ணிக்கை போடுகிறவர்களோடும் போட்டிக்குப் போகாதீர்கள். அவர்களில் நல்ல வாசகர்கள் உண்டு. ஆனால் வந்த புதிதில் அந்தக் கணக்கைப் பார்த்தால் நமக்குத் தாழ்வு மனப்பான்மைதான் வரும்.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனதில் இருப்பது ரொம்ப நாளாக உறுத்துகிறது. இங்கே வந்து பத்து வருடம் ஆனவர்களிடம் இந்த மாதிரிப் புத்தகத்தைக் காட்டிப் பாருங்கள். "குழந்தைகள் படிக்கிறது இதெல்லாம்" என்பார்கள். முன்னேறுவது எப்படி என்ற ரகத்தில் நாலு புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு வாசகர் என்று சொல்லிக்கொள்வார்கள். இன்னொரு ரகம், நாலு ஆங்கில நாவல் படித்ததும் "தமிழில் இதெல்லாம் எங்கே இருக்கிறது" என்று உதட்டைப் பிதுக்குவது. இவர்களில் பலர் சுஜாதாவின் ஜீனோவை வாரம் வாரம் காத்திருந்து வாசித்தவர்கள். ஒரு இயந்திர நாய்க்காகக் கவலைப்பட்ட வயதை எப்படி மறந்தார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இனிமேல்தான். இந்த வகைக் கதைகள் புதிதாக வந்தவர்களுக்கென்றே எழுதியவை மாதிரி இருக்கும். முதல் பக்கத்திலேயே உங்களுக்குத் தெரியாத ஒரு சொல் வரும். விளக்கம் கிடையாது. கதாபாத்திரங்கள் அதைத் தினசரிப் பேச்சுபோல் பேசிக்கொண்டு போவார்கள். நீங்கள் பொறுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். முப்பது பக்கம் கழித்து ஒரு சண்டையில், ஒரு மன்னிப்பில், அந்தச் சொல்லின் அர்த்தம் தானாகத் திறக்கும். மூன்று மாதமாக நீங்கள் வேலையிடத்தில் செய்துகொண்டிருப்பதும் இதைத்தானே.

ஆர்க்கடி மார்ட்டினின் 'எ மெமரி கால்ட் எம்பயர்' நாவலில், ஒரு சின்ன விண்வெளி நிலையத்திலிருந்து பேரரசின் தலைநகருக்குத் தூதராக வருகிறாள் ஒரு பெண். சிறுவயதிலிருந்து அந்த ஊரின் கவிதைகளைப் படித்து உருகியவள். வந்தபிறகுதான் தெரிகிறது, எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அங்கே அவள் வெளியாள்தான். எழுதியவர் பைசாந்தியப் பேரரசைப் படித்த வரலாற்று ஆய்வாளர். நாவல் 2020இல் ஹ்யூகோ வாங்கியது. வஜ்ர சந்திரசேகர இலங்கைக்காரர், அவருடைய 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' நெபுலா வாங்கியது. பிறந்ததுமே தாயால் நிழல் பறிக்கப்பட்ட ஒருவன் பெருநகரத்துக்கு வந்து, மீட்பர்களாகத் தேர்ந்தெடுக்கப்படாமல் விடுபட்டவர்களின் கூட்டத்தில் போய் உட்காருகிறான். இந்த இரண்டையும் இன்று நான் நடத்தும் வாசிப்புக் குழுவில் வாசித்தோம். பன்னிரண்டு பேர், ஆறு மொழிக்காரர்கள். முதல் நாவலைப் பேசிய அன்று யாரும் எட்டரைக்குக் கிளம்பவில்லை.

என்னைத் தூக்கி நிறுத்தியது உர்சுலா கே. லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்'. 1969இல் வந்தது. உறைபனிக் கிரகம் ஒன்றுக்குத் தன்னந்தனியாகத் தூதனாகப் போகிறான் ஒருவன். அங்கே 'ஷிஃப்கிரெதோர்' என்று ஒரு சொல். மரியாதை, கௌரவம், முகம் எல்லாம் கலந்தது, நிழல் என்பதற்கான பழைய சொல்லிலிருந்து வந்ததாம். அது புரியாததால் அவன் நண்பனை எதிரி என்று நினைக்கிறான். பாதிப் புத்தகம் அப்படியே போகிறது.

அந்தப் பெண் புத்தகத்தை மூடிய நாளுக்கு ஐந்து மாதம் கழித்து, யாரிடமும் கேட்காமல் நூலகத்தில் நானே எடுத்தது அது. கையில் பிடித்தால் முதுகு பிளந்துகொள்ளும் பழைய பிரதி. ஓரங்களில் யாரோ பென்சிலால் அர்த்தம் எழுதியிருந்தார்கள், எனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு எழுத்தில். பொடிப் பொடியாக, வரிக்கு இரண்டு. சாதாரண ஆங்கிலச் சொற்களுக்கும் இருந்தது. எனக்கு முன்னால் இதே ஊரில், இதே நாற்காலியில்கூட இருக்கலாம், ஒருவர் அகராதியும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறார். நானும் மடியில் அகராதி வைத்திருந்தேன்.

பக்கம் போகப் போகப் பென்சில் குறைந்தது. வரிக்கு இரண்டாக இருந்தது பக்கத்துக்கு ஒன்றானது. அறுபதாம் பக்கம் தாண்டி ஒன்றுகூட இல்லை. வாசிப்பதை நிறுத்திவிட்டாரோ என்று எனக்குப் பதறியது. வேகமாகப் புரட்டினேன். கடைசி அத்தியாயத்தில், அந்தத் தூதன் நண்பனின் வீட்டுக்குப் போகிற இடத்தில், நாலு வரிக்கு அடியில் நீளமாகக் கோடு இழுத்திருந்தார். அர்த்தம் எதுவும் எழுதவில்லை.