குளத்துக்குள் ஒரு கண்

கேள்வி: கோயில் மண்டபத்தின் படத்தைத் தலைகீழாகத் திருப்பி, குளத்துத் தண்ணீர்மேல் வைத்து, ஒப்பாசிட்டியை (படம் எவ்வளவு அடர்த்தியாகத் தெரியும் என்கிற அளவை) கம்ப்யூட்டரில் பாதியாகக் குறைக்கிறேன். அலை எஃபெக்டும் போடுகிறேன். ஆனாலும் ஒட்டுவேலை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. எங்கே தப்பு?
– வாசகர், திருவாரூர்

பதில்: திருப்பிப் போட்டதில்தான். எங்கள் கும்பகோணத்து மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள் இருக்கின்றன. காற்றில்லாத காலையில் எதிர்க்கரையில் நின்று, ஒரு மண்டபத்தையும் தண்ணீரில் அதன் பிம்பத்தையும் மாறி மாறிப் பாருங்கள். நேரே பார்த்தால், நமக்குக் கீழே இருக்கிற படிகளில் கால் வைக்கிற மேல்பரப்பு தெரியும். பிம்பத்தில் அது தெரியவே தெரியாது. படியின் செங்குத்து முகம் மட்டும் வரிவரியாக நிற்கும். கொடுங்கையின் (கூரை விளிம்பில் வெளியே வளைந்து நீளும் பகுதி) அடிப்பக்கமோ நேரில் தெரிவதைவிடத் தண்ணீரில் அதிகமாகத் தெரியும். மண்டபத்துக்குப் பின்னால் தள்ளி இருக்கிற வீட்டு மாடியை பிம்பத்தில் தேடினால், மண்டபம் அதில் பெரும்பகுதியை மறைத்திருக்கும்.

உங்கள் கண் பார்க்கிற காட்சியைத் தண்ணீர் காட்டுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்கு மேலே உங்கள் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே அளவு கீழே இன்னொரு கண் இருந்து அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ, அதைத்தான் காட்டுகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறேழு வருடம் ஆனது. யாரும் சொல்லித்தரவில்லையே என்று இன்றும் வருத்தம் உண்டு. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் இரண்டு படம் எடுக்கிறேன். ஒன்று, நின்றபடி. இன்னொன்று, கடைசிப் படியில் உட்கார்ந்து, லென்ஸ் தண்ணீரைத் தொட்டுவிடுமோ என்கிற அளவுக்கு செல்போனைத் தலைகீழாகப் பிடித்து. திருப்பிப் போடுவது இந்த இரண்டாவது படத்தை. முழுக்கச் சரியாக வராது என்றாலும் கண் ஏற்றுக்கொள்ளும்.

அடுத்தது, ஒப்பாசிட்டி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கக்கூடாது. தூரத்துத் தண்ணீரைச் சாய்வாகப் பார்க்கிறோம். அது கண்ணாடி மாதிரி. காலடித் தண்ணீரை மேலிருந்து பார்க்கிறோம். அங்கே நூற்றில் இரண்டு பங்கு வெளிச்சம்தான் திரும்பி வரும், மற்றபடி குளத்தின் பச்சைதான். லேயர் மாஸ்க்கில் (படத்தின் ஒரு அடுக்கில் வேண்டிய இடத்தை மட்டும் மறைக்கிற திரை) ஒரு கிரேடியன்ட் (கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மாறும் சாயல்) இழுத்து, நம் பக்கம் வரவர பிம்பத்தை மங்க விடுங்கள். பிம்பத்தில் தெரியும் வானத்தை கர்வ்ஸில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி) கொஞ்சம் இறக்கி, கறுப்பான இடங்களில் குளத்தின் நிறத்தைக் கலக்குங்கள். அலை தூரத்தில் பொடியாகவும் கிட்டத்தில் பெரிதாகவும் இருக்க வேண்டும். படத்தை நகர்த்தி நெளியவைக்கிற டிஸ்ப்ளேஸ் ஃபில்டருக்குக் கொடுக்கிற கறுப்பு வெள்ளைப் படத்தையும் அப்படியே தயார் செய்யுங்கள். அதில் (கறுப்பு 0, வெள்ளை 255 என்று வைத்தால்) 128 என்கிற நடுச்சாம்பல் எதையும் நகர்த்தாது.

கேள்வி: அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. என் கல்யாணப் படத்தில் அவரைச் சேர்க்க ஆசை. நானே செய்து பார்த்தேன். பொம்மை மாதிரி நிற்கிறார்.
– வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, என்னிடம் அதிகம் வருகிற வேலை இதுதான். மிகவும் பயந்து செய்கிற வேலையும் இதுதான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குடும்பத்துக்கு இப்படிச் செய்து கொடுத்தேன். அந்த வீட்டு அம்மா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாரும் மண்டபத்துல இருக்கோம், அவர் மட்டும் வேற எங்கேயோ இருக்காரே தம்பி" என்றார். பணம் வாங்காமல் திரும்பவும் செய்தேன்.

முதலில் கல்யாணப் படத்தில் மூன்று இடம் பாருங்கள்: மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, தாடையின் கீழே எவ்வளவு கறுப்பு, கண்மணியில் வெளிச்சப் புள்ளி எங்கே. பிறகு அதே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்த அப்பா படம் ஒன்றை ஆல்பத்தில் தேடுங்கள். பாஸ்போர்ட் படம் வேண்டாம். நேர் ஃபிளாஷில் முகம் தட்டையாகியிருக்கும். வெளிச்சம் பொருந்த வேண்டும் என்று முகத்தை இடவலமாகத் திருப்பாதீர்கள். வகிடும் மச்சமும் இடம் மாறினால் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் உங்கள் அம்மாவுக்குத் தெரியும்.

அவர் பக்கத்தில் நீங்கள் சிவப்புப் பட்டுப்புடவையில் நிற்கிறீர்கள் என்றால், அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் அந்தச் சிவப்பு லேசாக ஏறியிருக்க வேண்டும். புது லேயரில், மல்டிப்ளை மோடில் (கீழே உள்ள நிறத்தோடு கலந்து அதை அடர்த்தியாக்கும் முறை), மிக மென்மையான பிரஷ்ஷால் ஒரு தடவல் போதும். அவருடைய செருப்புக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு வேண்டும். அது இல்லாததால்தான் பொம்மை மாதிரி தெரிகிறார். எங்காவது சிக்கினால் படத்தை எனக்கு அனுப்புங்கள்.

கேள்வி: வெயில் நிழலுக்கு எவ்வளவு ப்ளர் கொடுப்பது?
– வாசகர், தேனி

பதில்: ஒரே அளவு கொடுக்காதீர்கள். சூரியன் வானத்தில் சுமார் அரை டிகிரி அகலம். அதனால் நிழல் விழுகிற இடத்துக்கும் பொருளுக்கும் ஒரு மீட்டர் தூரம் இருந்தால், நிழலின் ஓரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கலங்கும். தென்னையின் அடிமர நிழல் கத்தி மாதிரி. மட்டையின் நிழல் ஒரு சாணுக்குமேல் கலங்கியிருக்கும். நிழலுக்குள் சுத்தக் கறுப்பும் வேண்டாம். அங்கே வானத்தின் நீலம் இருக்கும்.

கேள்வி: பழகுவதற்கு எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?
– வாசகி, கடலூர்

பதில்: லேயரும் மாஸ்க்கும் இருந்தால் போதும். காசில்லாமல் கிடைக்கிற கிம்ப் (GIMP) என்கிற படம் திருத்தும் சாஃப்ட்வேரே தாராளம். அதற்கு முன்னால் ஒரு எவர்சில்வர் சொம்பை ஜன்னலோரம் வையுங்கள். ஜன்னல் அதில் எங்கே வளைகிறது, உங்கள் தலை எங்கே தெரிகிறது, மேஜைத் துணியின் நிறம் எதுவரை ஏறுகிறது என்று பென்சிலால் வரைந்து பாருங்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.