சாம்பல், டயட்டமேசியஸ் எர்த் (நுண்பாசிகளின் படிவிலிருந்து எடுக்கும் மெல்லிய பொடி) தூவினால் கோழியின் சிற்றுண்ணி போய்விடுமா?

குறையும். ஆனால் எங்கே தூவுகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கோழிப்பேன் என்று பலரும் சொல்லும் சிவப்புச் சிற்றுண்ணி பகலில் கோழியின் மேல் இருக்காது. கூண்டின் இடுக்கு, கோழி அடையும் கம்பின் அடிப்பக்கம், முட்டைப் பெட்டியின் மூலை என்று ஒளிந்திருந்து, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். அதனால் கோழிக்கு மட்டும் பொடி போட்டுவிட்டுக் கூண்டை விட்டுவிட்டால் பயனில்லை. இரவில் டார்ச் அடித்துக் கம்பின் அடியைப் பாருங்கள், தெரிந்துவிடும். இன்னொரு வகை கோழியின் மேலேயே வாழும். ஆசனவாயைச் சுற்றி இறகு கறுத்து அழுக்கேறியிருக்கும். அதற்குக் கோழியின் மேலேயே தூவ வேண்டும்.

டயட்டமேசியஸ் எர்த் விஷம் அல்ல. சிற்றுண்ணியின் மேல்தோலில் உள்ள மெழுகுப் படலத்தை உறிஞ்சி, உடலை வறளவைத்துக் கொல்கிறது. ஈரம் பட்டால் வேலை செய்யாது. சிற்றுண்ணி இட்ட முட்டைகளையும் கொல்லாது, எனவே ஒரு வாரம் கழித்து மறுபடி தூவுங்கள், அப்புறம் இன்னொரு முறை. உணவுத் தரப் பொடியையே வாங்குங்கள். அதுவும் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் முகக்கவசம் போடுங்கள், கோழியின் முகத்தருகே தூவாதீர்கள்.

விறகுச் சாம்பலை நன்றாக ஆறியபின் சலித்து, உலர்ந்த மணலோடு கலந்து வைத்தால் கோழிகள் தாமே புரண்டு குளிக்கும். பெயின்ட் அடித்த மரத்தின் சாம்பல் மட்டும் வேண்டாம்.

கொண்டை வெளுத்துச் சோர்ந்துபோன கோழியைப் பொடியை நம்பி விடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.