இயற்கையும் காலமும் ஒருசேர எதிர்த்து நின்றபோதும் தொழிலைக் கைவிடாத பெண் என்று யாரைச் சொல்வீர்கள்?

இந்தக் கேள்வியைப் படித்ததும் என் மனத்தில் வந்து நின்றவர், பிரான்ஸின் ரீம்ஸ் நகரில் 1777ஆம் ஆண்டு பிறந்த பார்ப் நிக்கோல் பொன்சார்தேன். நுரைக்கும் திராட்சை மதுவான ஷாம்பெயினின் பாட்டில்களில் இன்றும் அச்சாகிவரும் 'வெவ் கிளிக்கோ' என்ற பெயர் அவரைக் குறிப்பதுதான். கிளிக்கோ அவர் கணவரின் குடும்பப் பெயர். 'வெவ்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் கைம்பெண் என்று பொருள். மேற்படிப்புக்காக அந்த ஊரில் இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்த எனக்கு, அவர் எதை எதிர்த்து நின்றார் என்பது புத்தகத்தில் படித்ததைவிட அந்த மண்ணில் நடந்தபோதுதான் விளங்கியது.

முதலில் அந்த வானிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரீம்ஸ் நகரை உள்ளடக்கிய ஷாம்பெயின் வட்டாரம் ஏறத்தாழ 49 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. திராட்சை ஒழுங்காகப் பழுக்கக்கூடிய நிலப்பரப்பின் வடக்கு எல்லை அது என்றே நெடுங்காலமாகக் கருதப்பட்டது. கோடையில் போதிய வெயில் இல்லையென்றால் காய் புளிப்பு மாறாமலே நின்றுவிடும். வசந்தத்தில் துளிர் விட்டபின் ஓர் இரவு உறைபனி விழுந்தால் ஆண்டின் விளைச்சலே போய்விடும். நான் அங்கிருந்தபோது ஓர் ஏப்ரல் இரவில், நண்பரின் குடும்பத்தார் தங்கள் தோட்டத்தில் கொடி வரிசைகளுக்கு இடையே மெழுகு நிரப்பிய தகர டப்பாக்களை வைத்து விடியும்வரை எரித்துக்கொண்டிருந்தார்கள். சூடு எட்டாத ஓர் ஓரத்தில் முந்தின நாள் விரல்நுனி அளவில் பச்சையாக இருந்த துளிர்கள் மறுநாள் மாலைக்குள் பழுப்பாகிச் சுருண்டிருந்தன, தொட்டதும் உதிர்ந்தன. அந்த வீட்டுப் பாட்டி அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றிருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்த மதுவுக்கு நுரை வந்ததே இந்தக் குளிரால்தான். இலையுதிர்காலத்தில் பிழிந்த சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே குளிர் முந்திக்கொண்டு வந்துவிட, ஈஸ்ட் பாதியில் உறங்கிப்போகும்; வசந்தத்தில் வெப்பம் ஏறியதும் விழித்து, விட்ட இடத்திலிருந்து மீண்டும் நொதிக்கும். அதற்குள் மது பாட்டிலில் அடைக்கப்பட்டிருந்தால் வெளியேற வழியில்லாத வாயு உள்ளேயே கரைந்து நிற்கும். அந்த அழுத்தம் தாங்காமல் நிலவறையில் பாட்டில்கள் வெடித்துச் சிதறுவது அக்காலத்தில் வாடிக்கையான இழப்பு.

இப்படிப்பட்ட தொழிலுக்குள் அவர் 1798இல் பிரான்சுவா கிளிக்கோவை மணந்ததன் வழியாக வந்து சேர்ந்தார். 1805 அக்டோபரில் கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். இவருக்கு அப்போது வயது 27. கையில் ஆறு வயதுப் பெண் குழந்தை. வணிகமும் நல்ல நிலையில் இல்லை. மகனைப் பறிகொடுத்த மாமனார் பிலிப் கிளிக்கோ தொழிலையே இழுத்து மூடிவிட எண்ணியபோது, தாமே நடத்துவதாக அவரிடம் வேண்டி ஒப்புதல் பெற்றார் மருமகள். அனுபவமுள்ள அலெக்சாந்தர் ஃபுர்னோவுடன் நான்காண்டுக் காலம் கூட்டாக நடத்திக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டின்பேரில்தான் மாமனார் மீண்டும் பணம் போட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1804இல் நடைமுறைக்கு வந்த நெப்போலியன் சட்டத் தொகுப்பின்படி, மணமான பெண் கணவனின் இசைவின்றிச் சொந்தமாக ஒப்பந்தம் செய்ய முடியாது. கைம்பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. நம் ஊரில் நெடுங்காலம் நல்ல காரியங்களில் முன்னே நிற்கவிடாமல் ஒதுக்கிவைத்த அந்த நிலையையே, அங்கே இவர் தம் நிறுவனத்தின் பெயரில் முதல் சொல்லாக வைத்துக்கொண்டார். 1810இல் கூட்டு முடிந்தபின் நிறுவனம் 'வெவ் கிளிக்கோ பொன்சார்தேன்' ஆயிற்று. கைம்பெண்ணின் பெயரில் வணிகம் நடப்பது அந்நாட்டில் புதிதல்ல என்றாலும், அந்தச் சொல்லைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நெகிழ்கிறது.

அடுத்த பல ஆண்டுகள் போர்க்காலம். 1806இல் நெப்போலியன் பிரிட்டனுக்கு எதிராக வணிகத் தடை விதித்தார்; பிரிட்டன் பதிலுக்குக் கடல்வழியை மறித்தது. ஆம்ஸ்டர்டாமில் தேங்கிப்போன இவருடைய சரக்கு வெப்பத்தில் பாழாயிற்று. ரஷ்யாவே இவருடைய பெரிய நம்பிக்கை. 1812இல் நெப்போலியன் அந்நாட்டின்மீதே படையெடுத்ததும் அந்த வழியும் அடைபட்டது. விற்க முடியாத அந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. விற்பனை தம் கையில் இல்லை, நிலவறை தம் கையில் இருக்கிறது என்று கண்டு, வேலையை அங்கே குவித்தார். 1811இல் வால்மீன் ஒன்று மாதக்கணக்கில் வானில் தெரிந்தது. அந்த ஆண்டு விளைச்சலும் அபூர்வமாக நன்றாக அமைந்தது. வாங்குவோர் இல்லாதபோதும் அந்த மதுவை அவர் அரைகுறையாகத் தள்ளிவிடாமல் நிலவறையில் பக்குவப்படுத்தி வைத்தார்.

1814இன் தொடக்கத்தில் ரஷ்ய, பிரஷ்யப் படைகள் ரீம்ஸ் நகருக்குள்ளேயே வந்துவிட்டன. அவர் அஞ்சிய அளவுக்கு நிலவறை சூறையாடப்படவில்லை. ஏப்ரலில் நெப்போலியன் பதவி துறந்தார். ரஷ்யா தன் இறக்குமதித் தடையை நீக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க, இவர் போட்டியாளர்களுக்குத் தெரியாமல் ஒரு டச்சுக் கப்பலை அமர்த்தி, தம் விற்பனையாளர் லூயி போனுடன் 10,550 பாட்டில்களை ஜூன் மாதத்தில் அனுப்பிவிட்டார். மாதம் பிந்தினால் கோடை வெப்பத்தில் பாட்டில்கள் வெடித்துவிடும் என்பதும் அந்த அவசரத்துக்கு ஒரு காரணம். கப்பல் ஜூலையில் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் துறைமுகத்தை அடைந்தபோது, நல்ல ஷாம்பெயினைக் கண்டு ஆண்டுக்கணக்கான அந்த ஊரில் பாட்டில்கள் மிக உயர்ந்த விலைக்குப் போயின. அந்தச் சரக்கில் இருந்தது 1811ஆம் ஆண்டு மது.

கையில் பணம் வந்த வேகத்தில் வானிலை மீண்டும் அடித்தது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து வளிமண்டலத்தில் ஏறிய துகள்கள் வெயிலை மறைத்ததால், 1816 ஐரோப்பாவில் கோடையில்லாத ஆண்டாக ஆயிற்று. பிரான்ஸில் திராட்சை பழுக்கவில்லை; அறுவடை மிகத் தாமதமாக நடந்தது. அதே 1816இல்தான் அவருடைய நிலவறையில் தொழிலையே மாற்றிய வேலை ஒன்று நடந்தது.

இரண்டாம் நொதித்தலுக்குப் பின் இறந்த ஈஸ்ட் கசடாகப் பாட்டிலுக்குள் தங்கி மதுவைக் கலக்கிவிடும். தெளிய வைக்க ஒரு பாட்டிலிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றினால் நுரையும் போகும், மதுவும் வீணாகும். இதற்கு அவருடைய நிலவறையில் கண்ட வழி இது: மேசைப் பலகையில் துளைகளிட்டு, பாட்டில்களைக் கழுத்து கீழாகச் செருகி, நாள்தோறும் சற்றே அசைத்துத் திருப்பிவந்தால் கசடு முழுவதும் தக்கையருகே வந்து சேரும். தக்கையைத் திறந்ததும் வாயுவின் விசையே அதை வெளியே தள்ளிவிடும். சமையலறை மேசையையே அவர் துளையிட்டார் என்பது செவிவழிச் செய்தி. நிலவறைப் பொறுப்பாளர் அந்துவான் முல்லருக்கும் இதில் பெரும்பங்கு உண்டு; அவரை விட்டுவிட்டுச் சொல்வது முறையல்ல என்று நினைக்கிறேன்.

ரீம்ஸில் ஒரு சுண்ணாம்புப் பாறை நிலவறையில் இந்த வேலையை நேரில் பார்த்தேன். முதிய தொழிலாளர் ஒருவர் பலகை முன் நின்று, இரண்டு கைகளிலும் இரண்டு பாட்டில்களின் அடிப்பாகத்தைப் பற்றி, ஒரு சிறு குலுக்கல், எட்டில் ஒரு பங்கு திருப்பல், அடுத்த இரண்டு என்று நிற்காமல் போய்க்கொண்டிருந்தார். கண்ணாடி மரத்தில் மோதும் மெல்லிய ஒலியைத் தவிர அந்தக் குளிர்ந்த இருட்டில் வேறு ஓசை இல்லை. இப்போது பெரும்பாலும் இயந்திரங்கள் இதைச் செய்கின்றன, செய்முறை அதேதான்.

அவர் எடுத்த முடிவெல்லாம் பலித்துவிடவில்லை. வங்கித் தொழிலிலும் கம்பளித் தொழிலிலும் இறங்கிப் பெருத்த நெருக்கடியைச் சந்தித்தார். அதிலிருந்து மீளத் துணைநின்ற எதுவார் வெர்லேயை 1831இல் பங்குதாரராக்கி, பின்னர் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்து, 1866இல் தம் 88ஆம் வயதில் இறந்தார்.

2010இல் பால்டிக் கடலில் பின்லாந்தின் ஓலந்து தீவுகளுக்கு அருகே, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலிலிருந்து 168 பாட்டில்களை மீட்டார்கள். லேபிள்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவற்றில் சில இவருடைய நிலவறையிலிருந்து போனவை என்பதைத் தக்கைகளில் சுட்டுப் பொறித்திருந்த முத்திரையைக் கொண்டே கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 170 ஆண்டுகள் கடலடிக் குளிரிலும் இருட்டிலும் கிடந்த அந்த மதுவைச் சுவைத்துப் பார்த்தபோது, அது இன்னும் குடிக்கத் தக்கதாகவே இருந்தது.