கல்பு என்றால் இதயமா, நாயா?

வணக்கம் ஐயா. ஒரு மிகைபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் பாலைவனக் கொள்ளையர்களுக்கு ஒரு தனிமொழி உருவாக்குகிறேன். அரபியிலிருந்து ஐம்பது வேர்களை எடுத்து விகுதி சேர்த்துச் சொற்கள் செய்திருக்கிறேன். 'கதப்' எழுத்து, 'கதபோரு' எழுதுபவன், 'கதபினி' புத்தகம். இப்படி எடுப்பது திருட்டாகுமா?
ம.

அன்புள்ள ம.,

திருட்டெல்லாம் இல்லை. கடன் வாங்காத மொழி எது? ஆனால் நீங்கள் எடுத்தது வேரே இல்லை. 'கதப்' என்று உயிரோடு எடுத்து வால் ஒட்டியதும் அது நம் படி, படிப்பு, படிப்பாளி போல ஆகிவிட்டது. அரபியில் க்-த்-ப் என்ற மூன்று மெய்கள்தான் வேர். அவை வரிசை மாறாமல் நிற்கும், இடையில் உயிர்கள் மாறும், தேவைப்பட்டால் முன்னால் ஒரு 'ம' வந்து சேரும். கதப என்றால் எழுதினான். காதிப் எழுதுபவன், கிதாப் புத்தகம், மக்தூப் எழுதப்பட்டது. வேர் பாதி, உயிர்களும் 'ம'வும் எங்கே நிற்கும் என்று சொல்லும் அச்சு பாதி. அச்சை விட்டுவிட்டு வேரை மட்டும் தூக்கி வர முடியாது.

நாமே அப்படித் தூக்கி வந்தவர்கள்தான். அமல், மாமூல் இரண்டும் ஒரே அரபு வேர். மக்தூப் வார்த்த அதே அச்சில் வார்த்ததுதான் மாமூல். நடுவில் இருந்த தொண்டை மெய் வழியில் கரைந்துவிட்டது. மகசூலும் அதே அச்சு. அதன் வேரிலிருந்து வேறொரு அச்சில் பிறந்தது தாசில்தாரில் உள்ள தாசில். பாரசீகம், உருது வழியாகச் சொற்கள் நம் தாலுகா கச்சேரி வரை வந்தன, வேர் வரவில்லை. சட்டத்தை அமல்படுத்துவதற்கும் மாமூல் வாங்குவதற்கும் உறவு இருப்பதாகத் தமிழ்க் காதுக்குத் தோன்றாது. (சில ஆபீஸ்களில் வேண்டுமானால் தோன்றலாம்.)

அப்புறம் ஒலி. தமிழ் முஸ்லிம்கள் இதயத்தைக் 'கல்பு' என்பார்கள். அரபியில் அதன் முதல் எழுத்தை அடித்தொண்டையிலிருந்து சொல்ல வேண்டும். நம் சாதாரண ககரத்தில் சொன்னால் அது நாய். நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். உங்கள் ஐம்பது வேர்களில் எத்தனை இப்படி ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் நாயகன் காதலியை 'என் கல்பே' என்று கொஞ்சுவதற்கு முன்பு பார்த்துவிடுவது நல்லது.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் தன் கதைகளில் வரும் குள்ளர்களுக்குச் செய்த குஸ்துல் மொழியைப் பாருங்கள். கஸாத் என்றால் குள்ளர்கள், குஸ்துல் அவர்கள் மொழி. மெய்கள் அப்படியே இருக்க, உள்ளே உயிர் மாறி, கடைசியில் ஒரு 'உல்' சேர்கிறது. அவர் கதைகளில் வரும் 'ஓர்க்' என்ற அரக்கனுக்கு அங்கே ருக்ஸ், பன்மை ரகாஸ். அரபி கிதாபைக் குதுப் என்று பன்மையாக்குவது மாதிரி உள்ளேயே உடைகிறது. மெய்கள் அவருடையவை, அவற்றை வைத்துச் சொல் செய்யும் பொறி மட்டும் செமிட்டிக், அதாவது அரபியும் யூதர்களின் ஹீப்ருவும் சேர்ந்த மொழிக்குடும்பத்தினுடையது. இரவல் என்றால் அப்படி இருக்க வேண்டும். ஆனால் குள்ளர்களின் சொற்களைச் செமிட்டிக் சாயலில் செய்ததாக அவரே ஒரு வானொலிப் பேட்டியில் சொன்னார். அதனால் பொன்னாசை பிடித்த குள்ளர்களில் யூதர்களைப் பார்த்து இன்றும் நெளிகிற வாசகர்கள் உண்டு. உங்களுடையவர்கள் கொள்ளையர்கள் வேறு. அசல் அரபுச் சொற்களை அவர்கள் வாயில் வைத்தால் யாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்று வாசகர் கேட்க மாட்டாரா? திருட்டைவிட எனக்கு உறுத்துவது இதுதான்.

ஐம்பது வேரையும் தூர வையுங்கள். மூன்று மூன்று மெய்களாக நீங்களே போடுங்கள். செய்பவன், செய்யப்பட்டது, இடம், கருவி, பன்மை என்று ஐந்தாறு அச்சு போதும். பொறி ஓடுகிறதா என்று பார்க்க ஒரு வெளிச்சொல்லை உள்ளே போட்டுப் பாருங்கள். அரபி அப்படித்தான் ஃபிலிமை அஃப்லாம் என்றும் பேங்கைப் புனூக் என்றும் பன்மையாக்கிக்கொண்டது. நேற்றுக் காபியோடு உட்கார்ந்து நானும் முறுக்கை அஃப்லாம் அச்சில் போட்டுப் பார்த்தேன். அம்ராக் என்று வந்தது.