ஹாம் (பொழுதுபோக்கு) வானொலி லொக்புக் மென்பொருள்: கேள்வி பதில்

ஏறாவூரிலிருந்து: நானா, எஃப்டி8இல் (கணினி வழி டிஜிட்டல் தொடர்பு முறை) நிறையத் தொடர்பு எடுத்தும் எல்ஓடிடபிள்யூவில் (இரு பக்கப் பதிவையும் ஒப்பிட்டுத் தொடர்பை உறுதியாக்கும் இணையத்தளம்) ஒன்றுகூட உறுதியாகவில்லை. எதிர்ப்பக்கத்தார் தாங்கள் ஏற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

பதில்: முதலில் விண்டோஸின் நேர வலயத்தைப் பாருங்கள். மணிக்கூடு மட்டக்களப்பு நேரத்தைச் சரியாகக் காட்டலாம். ஆனால் வலயம் 'யூடிசி' (உலகப் பொது நேரம்) என்றோ 'பசிபிக்' என்றோ கிடந்தால் லொக்கில் (தொடர்புப் பதிவேட்டில்) விழும் யூடிசி நேரம் பிழை. எஃப்டி8 பார்ப்பது 15 செக்கன் இடைவெளியை மட்டும்தான். ஐந்தரை மணித்தியாலம் 15 செக்கனால் மீதியின்றிப் பிரிபடும் என்பதால் சிக்னலைக் கணினி வழமைபோல வாசிக்கும், பதிலும் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. எல்ஓடிடபிள்யூவிலோ இரு பக்க நேரமும் 30 நிமிடத்துக்குள் பொருந்த வேண்டும்.

வலயத்தை 'ஸ்ரீ ஜயவர்தனபுர, யூடிசி+5:30' ஆக்கி, இணைய நேரத்தோடு ஒத்திசையுங்கள். பழைய பதிவுகளை ஏடிஐஎஃப் (லொக் மென்பொருள்களுக்கிடையே பதிவுகளை மாற்றும்) கோப்பாக எடுத்துப் பிரதி வைத்துவிட்டுத்தான் திருத்தத் தொடங்க வேண்டும். உள்ளூர் நேரம் யூடிசி என்று பதிவாகியிருந்தால் 5:30 கழியுங்கள். திகதியும் சேர்ந்து நகர வேண்டும்: மார்ச் 10, 03:20 என்பது மார்ச் 9, 21:50 ஆகும். பலர் தவறவிடுவது இந்தத் திகதியைத்தான். திருத்தியதை மறுபடி கையொப்பமிட்டு ஏற்றுங்கள். முன்பு ஏற்றிய பிழையான பதிவை எல்ஓடிடபிள்யூவில் அழிக்க முடியாது. அது பொருந்தாமல் அப்படியே கிடக்கும், அதனால் தீங்கில்லை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: சேர், அப்பாவின் பழைய கொப்பி லொக்கைக் கணினியில் ஏற்றுகிறேன். எல்லாம் இலங்கை நேரத்தில் எழுதியது. எல்லாவற்றுக்கும் 5:30 கழித்தால் போதுமா?

பதில்: போதாது. 1996 மே மாதம் நாட்டு நேரம் யூடிசி+6:30 ஆனது, அதே ஆண்டு ஒக்டோபரில் +6 ஆனது, 2006 ஏப்ரலில்தான் +5:30க்குத் திரும்பியது. அந்தக் காலப் பக்கங்களைப் பிரித்து வைத்து, தனித்தனியாகக் கழியுங்கள். அப்பா கைப்பட எழுதிய கொப்பி; ஒரு பக்கமும் அவசரத்தில் கெட்டுப்போகக் கூடாது.

அம்பாறையிலிருந்து: கிரிட் (நிலையம் இருக்கும் இடத்தின் குறியீடு) எம்ஜே96 என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

பதில்: இல்லை. அது கொழும்புப் பக்கம். 80 பாகை கிழக்குக் கோட்டைத் தாண்டியதும் முதலெழுத்தே மாறும். அம்பாறை என்ஜே07, மட்டக்களப்பு நகரம் என்ஜே07யூஆர். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் (எஃப்டி8 மென்பொருள்), லொக் மென்பொருள், டிகியூஎஸ்எல்லின் (எல்ஓடிடபிள்யூவுக்குக் கையொப்பமிடும் மென்பொருள்) நிலைய இடம் ஆகிய மூன்றிலும் மாற்றுங்கள். ஹாம் வானொலியில் உலகைப் பிரிக்கும் வலய எண்கள்: சிக்யூ வலயம் 22, ஐடியூ வலயம் 41.

கல்முனையிலிருந்து: ஐசி-7300 றேடியோ லொக்கோடு இணைகிறது, டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸைத் திறந்ததும் பிழை காட்டுகிறது.

பதில்: ஒரு கொம் போட்டை (கணினி றேடியோவோடு பேசும் வழி) ஒரே நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்கலாம். றேடியோவை ஒம்னிரிக்கிடம் (றேடியோவைப் பல மென்பொருளுக்குப் பகிரும் மென்பொருள்) கொடுத்து, இரண்டு மென்பொருளிலும் அதையே தெரிவுசெய்யுங்கள். வேகம் இரு பக்கமும் 19200, சிஐ-வி (றேடியோவைக் கணினி கட்டுப்படுத்தும் முறை) முகவரி 94. யூஎஸ்பி வயரை வேறு துளையில் செருகினால் கொம் எண் மாறக்கூடும்.

10 வாட்டில் நின்று 100 வாட்டில் இணைப்பு அறுந்தால் அது அமைப்புப் பிழையல்ல, வயருக்குள் ஆர்எஃப் (வானொலி அலை) ஏறுகிறது. குட்டை வயரும் இரு முனையிலும் ஃபெரைட்டும் (அந்த அலையைத் தடுக்கும் காந்தத் துண்டு) போடுங்கள். கடற்காற்றில் பச்சை பிடித்த யூஎஸ்பி முனை என்றால் வயரையே மாற்றுங்கள்.

காத்தான்குடியிலிருந்து: எஃப்டி8 தொடர்பு லொக்குக்குத் தானாக வரவில்லை.

பதில்: டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் அமைப்பின் ரிப்போட்டிங் பக்கத்தில் யூடிபி 127.0.0.1, போட் 2237 இருக்க வேண்டும். ஜேடிஅலேட்டும் (டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் துணை மென்பொருள்) ஓடினால், அதுவும் லொக்கும் ஒரே போட்டுக்கு அடிபடும்; அப்போது எல்லாவற்றிலும் 224.0.0.1 என்ற மல்டிகாஸ்ட் (பல மென்பொருள் சேர்ந்து கேட்கும்) முகவரி கொடுங்கள். வராமல் விட்டவை டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் கோப்புறையில் ஏடிஐ (ஏடிஐஎஃப் வகை) கோப்பாக இருக்கும். அதை லொக்கில் இறக்குமதி செய்யலாம்.

வாழைச்சேனையிலிருந்து: பெயரைத் தமிழில் எழுதிய பதிவுகள் வேறு மென்பொருளில் குழம்புகின்றன.

பதில்: ஏடிஐ கோப்பில் ஒவ்வொரு புலத்துக்கும் முன்னால் நீளம் எழுதப்படும். 'கண்ணன்' யூனிகோட்டில் 6 குறி, யூடிஎஃப்-8இல் 18 பைட். எழுதிய மென்பொருள் 18 என்று போட, வாசிப்பது குறிகளை எண்ணினால் அடுத்த புலத்தில் 12 எழுத்தை விழுங்கிவிடும். தமிழில் எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தக் கோப்பு வகை ஆங்கில எழுத்துக்கென்றே அமைந்தது. பெயர்ப் புலத்தில் ஆங்கில எழுத்தே பாதுகாப்பு.

அக்கரைப்பற்றிலிருந்து: லெப்டொப்பை மாற்றப்போகிறேன். எதை எடுத்து வைக்க வேண்டும்?

பதில்: லொக்கின் தரவுத்தளக் கோப்பு, முழு ஏடிஐஎஃப் பிரதி, டிகியூஎஸ்எல் சேர்ட்டிபிகேட்டின் (டிஜிட்டல் கையொப்பச் சான்று) பி12 கோப்பு. மென்பொருளை மூடிய பிறகே தரவுத்தளத்தைப் பிரதி எடுங்கள். சேர்ட்டிபிகேட் வழமையாக மூன்று வருடத்துக்கே செல்லும். முடியுமுன் புதுப்பித்தால் வேலை சுலபம்.